வாவல் மீன் விலை

லோரோங் கூலிட் சந்தையில் நூற்றெண்பது கேட்டான்.
நூற்றிருபது வெள்ளிக்கு முடித்தேன்.
ஓடாது என்று அவனே சொன்னான்,
ஓடாததை இத்தனை பேர் நின்று பார்க்கிறார்களே
என்கிற பெருமையோடு.

பதினான்காம் மாடி.
லிஃப்ட் அன்றைக்கென்று வேலை செய்தது.

சமையலறைத் தரையில் நாளிதழ் விரித்து
முட்டை அட்டையின் குழிகளில்
திருகாணிகளைக் கழற்றிய வரிசையில் போட்டேன்.
ஞாயிறு வீட்டுக்கு வந்த திருமாறன்
தட்டு வைக்க இடம் தேடி
கடைசியில் நின்றுகொண்டே சாப்பிட்டார்.
பட்டர்வொர்த் துறைமுகத்தில்
நாற்பது டன் பெட்டியைச் சொன்ன இடத்தில் வைக்கிறவர்.
"இதில் எது பாட்டு?"
கையிலிருந்த அபிரகத் தகட்டைக் காட்டினேன்.
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து
"வெங்காயத் தோல்" என்றார்.

சுருள்வில்லின் டப்பாவைத் திறந்திருக்கக் கூடாது.
பாயான் லெப்பாசில் பதினோரு வருடமாக
நுண்ணோக்கிக்குக் கீழே
எறும்புக் கண்ணைவிடச் சிறிய பழுதைப் பிடிப்பவள்,
இவ்வளவு பெரிய கோபத்தை எதிர்பார்க்கவில்லை.
மூன்று மீட்டர் எஃகு
கறுத்த மசகோடு எழுந்து
சுவரை, சோற்றுப் பானையை,
முழங்கைக்குக் கீழே என் தோலில் ஒரு சாணை
ஒரே வீச்சில் தொட்டுவிட்டுத்
தரையில் கிடந்து நடுங்கிற்று.
யாரோ ஒருவர் கைப்பிடியைச் சுற்றிவிட்டு
பாட்டுக் கேட்காமலே
எழுந்து போயிருக்கிறார்.

ஐந்து தையல்.
கிளினிக்கில் "நாயா?" என்று கேட்டார்கள்.
"கிராமபோன்" என்றேன்.
எழுதிக்கொண்டார்கள்.

வேகம் காக்கும் மூன்று ஈயக் குண்டுகளில்
ஒன்றின் இலைத்தகடு முறிந்திருந்தது.
அடுத்த ஞாயிறு திருமாறன்
பணிமனையிலிருந்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு ஒன்றைச்
சட்டைப்பையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.
ஒன்றும் பேசவில்லை.
என் கைக்கட்டைப் பார்க்காததுபோலப் பார்த்தார்.
வெட்டித் துளையிட்டதில் இரண்டு வீண்.
மூன்றாவது உட்கார்ந்தது.
ஒலிப்பெட்டியில் கல்லாகிப்போன ரப்பருக்குப் பதில்
மீன்தொட்டியின் காற்றுக்குழாய்.

எல்லாம் மூடிய பிறகும்
பத்தொன்பதாம் குழியில் ஒரு திருகாணி மிச்சம்.

புதன்கிழமை, இரவு ஷிப்டுக்கு முன்.
மூடிக்குள் செருகியிருந்த ஒரே இசைத்தட்டு:
விளிம்பு உடைந்தது, பெயர்த்தாள் உரிந்தது.
முப்பது சுற்று தாங்குமாம்.
பயந்து பன்னிரண்டு சுற்றினேன்.
எண்ணெய்ச் சட்டி இரைச்சலுக்கு அடியிலிருந்து
ஓர் ஆள் பேசினான். பாட்டில்லை.
ஹொக்கியன் என்று மட்டும் புரிந்தது,
மந்திரி யாரோ
வெள்ளத்துக்கு வருத்தம் தெரிவிப்பதுபோல.

கதவு தட்டியது.
பக்கத்து வீட்டு பெக் ஹூன்,
தோளில் தூங்காத பிள்ளை.
சண்டைக்கு வந்தவள் வாசலிலேயே நின்று கேட்டாள்,
செருப்பைக் கழற்றினாள்,
பிள்ளை குலுங்கச் சிரித்தாள்.
மலாயில் சொன்னாள்:
"ஆம்பளை இல்லை, பொம்பளை.
கறுப்பு வாவலுக்கு விலை பேசுகிறாள்.
இவ்வளவு பொறுமையாக
உலகத்தில் யாரும் மீன் வாங்கியதில்லை. கூட்டு."

வேகத் திருகை மயிரிழை திருப்பினேன்.
"இன்னும்."
மந்திரியின் தொண்டை மெலிந்தது.
"இன்னும்."
இடுப்பில் கை ஏறிவிட்டது குரலுக்கு.
"நிறுத்து, இதுதான். என் மாமியார் இந்த வேகம்."
வேறு அளவுகோல் என்னிடமும் இல்லை.

மீன்காரன் ஏதோ பெரிதாக ஆணையிட,
அவள் கூடையைத் தூக்கிப் போவதுபோல் போக,
பன்னிரண்டு சுற்றும் தீர்ந்து
மறுபடி ஆணாகி முனகி
விலை படியுமுன் நின்றுவிட்டாள்.

பெக் ஹூன் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுக்
கைப்பிடியைப் பிடித்தாள்.
தையல் பிரித்த கையை
முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எண்ணினேன்.
இருபத்தொன்பதில் போதும் என்றேன்.
அவள் இன்னும் ஒன்று சுற்றினாள்.