கிளறக்கூடாது

சில்லறை இல்லையென்று
கல்மண்டபம் மருந்துக்கடைக்காரர்
மூன்று ரூபாய்க்குப் பதிலாகத் தந்த
மூன்று ஆரஞ்சு மிட்டாயில் தொடங்கியது இது.

அங்கே வாங்கிய நிக்கோடின் சூயிங்கத்தை
செருப்பு ரப்பர் என்று துப்பிய பிரகாசம்
மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
துறைமுகம் கேட் வரை போயிருக்கிறான்.
"அரை மணி நேரம் தாங்குச்சு.
இனிப்புதான் ஜாஸ்தி.
தொண்டைல ஒரு அடி விழணும்."
பன்னிரண்டு வருடத்தில்
சிகரெட்டைப் பற்றி அவன் சொன்ன முதல் நல்ல செய்தி.

சரி, செய்துவிடலாம்.
கால் கிலோ சர்க்கரை, அரை டம்ளர் தண்ணீர்,
இடித்த சுக்கு, நாலு மிளகு.

முதல் நாள் கருகியது.
அந்தச் சட்டி இன்னும்
மொட்டைமாடியில் ஊறிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் நாள் மணலானது.
ஓரத்தில் ஒட்டியிருந்ததை
நல்லெண்ணத்தில் கரண்டியால் வழித்து உள்ளே விட்டேன்.
ஒரே ஒரு பரல் போதும்,
மொத்தப் பாகுக்கும்
தான் சர்க்கரையாக இருந்தது நினைவுக்கு வந்துவிடுகிறது.

அதற்குத்தான் எலுமிச்சை, நாலு சொட்டு.
கொதி வந்தபின் கிளறக்கூடாது.

கிளறாமல் இருப்பது
எனக்கு எவ்வளவு கஷ்டமென்று
அவனைக் கேளுங்கள்.
ஷிப்ட் முடிந்து அவன் கழற்றிய சட்டையை
முகர்ந்து பார்க்காமல் வாளியில் போட்டேன்.
இல்லை, முகர்ந்துதான் பார்த்தேன்.
டீசல், வியர்வை, கடல்.
வேறு ஏதோவும் இருந்ததுபோல, இல்லாததுபோல.
சோப்புத்தூள் ஒரு பிடி கூடுதலாய்ப் போட்டேன்.

கம்பிப் பதம், உருட்டுப் பதம் எல்லாம் தாண்டி
குமிழிகள் சோம்பலாய் வெடிக்கும்போது
குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு.
எடுத்துத் தட்டில் போட்டால்
ணங் என்று சொல்லவேண்டும்.

மூன்றாம் நாள் சொன்னது.
சொல்லி என்ன?
ராயபுரத்துக் காற்றுக்கு எதிலும் ஒட்டிக்கொள்ளத் தெரியும்.
உப்பு ஜாடி அழும், தீப்பெட்டி மக்கர் செய்யும்,
அப்பளம் இலைக்கு வருமுன்பே நமுத்துவிடும்.
கண்ணாடிபோல் இறங்கிய மிட்டாய்
பத்தே நிமிடத்தில் வியர்த்துப்
பிசினாகிவிட்டது.
சுற்றிய தாளோடு சேர்த்துத் தின்றான்.
குறை சொல்லவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

வீட்டில் காய்ந்த காற்று ஒரே அறையில்தான்.
தவணை முடியாத ஏ.சி.,
அதன் கீழே
பகல் பன்னிரண்டு மணிக்குத்
தன் இரவைத் தூங்கும் அவன்.

நான்காம் நாள்
நெய் தடவிய எவர்சில்வர் தட்டைத் துணியால் பிடித்து
முழங்கையால் கதவைத் தள்ளி
அவன் கால்மாட்டில், தரையில் வைத்து உட்கார்ந்தேன்.
கத்தியால் கோடு போட மறந்து
அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.
விசில் இல்லை, இழுப்பு இல்லை,
நடுவில் ஒரு இருமல்,
பிறகு நீளமாய் ஒன்றுமில்லை.

இறுகிவிட்டது.
கோடில்லாமல் ஒரே பாளம்.
குழவியை எடுத்துவந்து நடுவில் ஒரு போடு.

"ஐயோ, என்ன உடைஞ்சுது?"
எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

இருந்ததில் பெரிய துண்டை அவன் வாயில் போட்டேன்.
கன்னம் புடைக்க, கண் பாதி மூடியபடி
நான் கேட்காமலே சொன்னான்:
"நேத்து ஒண்ணு பிடிச்சேன்.
பாதி."

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.
"காரம் பத்துமா?" என்றேன்.