விரிக்கத் தைத்தது

குடியாத்தம் சந்தையில் லுங்கி வெட்டுத்துண்டு
கிலோ அறுபது ரூபாய்.
ரெண்டு கிலோ வாங்கினேன்,
ஒரு கைப்பிடி கொசுறும்.

"இன்னாத்துக்கு இது? நாம இன்னா
ஊட்டியிலயா கீறோம்?"
ஈரத்துண்டை முதுகில் போட்டபடி கேட்டார் தசரதன்.
பேரணாம்பட்டில் அப்போது அக்கினி நட்சத்திரம்.

போர்த்த இல்லை. விரிக்க.
ராத்திரி பதினோரு மணிக்கும்
தோசைக்கல்லாகக் கிடக்கிறதே
மாடிச் சிமெண்ட், அதன்மேல்.

எல்லாத் துணியையும் உப்புத்தண்ணீரில் ஊறவைத்தேன்.
போன தேர்தலில் வாசலில் கொடுத்துப்போன
சிவப்புத் துண்டைத் தவிர.
அலுப்பு, வேறொன்றுமில்லை.

செருப்பு டப்பா மூடியை ஒரு சாணாக நறுக்கி
அதை வைத்து வெட்டியது தொண்ணூற்றாறு சதுரம்.
கட்டத்துக்குக் கட்டம் நிறம் மாற
நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.
பத்துக்குப் பத்து அறையில் பரப்ப இடமில்லாமல்
மாடிக்குத் தூக்கிப்போய் அடுக்கினேன்.
கடைசி வரிசைக்கு வந்தபோது
மலட்டாற்றுப் பக்கமிருந்து
ஒரு சுழல்காற்று.

பக்கத்து மாடியில் பர்கத்துன்னிசா
வற்றலை விட்டுவிட்டு
என் துண்டுகளைப் பொறுக்கினாள்.
மதில்மேல் அவள் நீட்டிய கட்டை
அவள் நீட்டிய வரிசையிலேயே தைத்தேன்.
மூன்று பச்சை சேர்ந்தாற்போல் வந்தது. வரட்டும்.

ஆம்பூர் கம்பெனியில்
பதினோரு வருஷமாக ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறேன்.
தோலில் ஊசி தப்பி இறங்கினால் இறங்கியதுதான்.
நூலைப் பிரித்தாலும் துளை நிற்கும்.
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பான் சூப்பர்வைசர்.
துணி அப்படி இல்லை.
பிரித்துவிட்டு
நகத்தால் ரெண்டு இழுப்பு இழுத்தால் மூடிக்கொள்கிறது.
அதற்காகவே அன்றைக்கு
நாலு தையல் தப்பாகப் போட்டேன்.

எண்ணினால் தொண்ணூற்றைந்து.
ஒன்றைக் காற்று கொடுக்கவேயில்லை.
பழைய கம்பெனி கோட்டின் பாக்கெட்டை
வாயோடு வெட்டி
அந்த இடத்தில் வைத்தேன்.

நடுவில் நைந்த ரெண்டு போர்வை,
அடியில் கல்யாணத்துக்கு வந்து
யாரும் விரிக்காத பெட்ஷீட்.
மூன்றும் நழுவாமலிருக்க
முழ நீளத்துக்குக் கைத்தையல் ஓட்டி,
சுருட்டி மிஷினுக்குள் நுழைத்தால்
கன்றுக்குட்டி கனம்.
ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த தசரதன்
மறுமுனையைத் தாங்கிக்கொண்டு நின்றார்.
"இன்னும் எத்தினி கோடு?"
பதினாலு.
"இப்போ?"
பதிமூணு.
ரெண்டு ஊசி உடைந்தது.
ஓரப்பட்டி கட்டி முடிக்கையில்
காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்
தெருமுனையில் ஹாரன் அடித்தது.

அன்று ராத்திரி மாடியில்
நாலு வாளி தண்ணீர் ஊற்றி விரித்தோம்.
மோனிஷ் பாக்கெட்டைக் கண்டுபிடித்து
டார்ச்சும் ஒரு புளியங்கொட்டையும் போட்டுவைத்தான்.
மூன்று பச்சைமேல் தசரதன் மல்லாந்தார்.
"பரவால்ல," என்றார்.
அதற்குமேல் அவர் எதையும் புகழ்ந்ததில்லை.

ரெண்டு மணிக்குக் கோடைமழை.
எழுந்து சுருட்ட நேரமில்லை,
அப்படியே தலைக்குமேல் தூக்கி
மூன்று பேரும் படிக்கட்டில் ஒண்டினோம்.
பல் கிட்டித்தது,
மே மாசத்தில்.
மோனிஷ் பாக்கெட்டுக்குள்ளேயே டார்ச்சை அடித்தான்.
கோட்டின் நீலம் எங்கள் முகத்தில்.

காலையில் கொடியில் போட்டபோது பார்க்கிறேன்,
சிவப்புத் துண்டு சாயம் விட்டு
சுற்றியிருந்த எட்டுக் கட்டமும் ரோஸ்.
எந்தக் கட்சி என்று
இனிமேல் யாராலும் சொல்ல முடியாது.