என்றால் சரியல்ல

தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு
கடைசிக்கு முந்தின பேருந்து.
மடியில் மூன்று கட்டு. கழுத்துப்பட்டை கைப்பையில்.
பக்கத்து இருக்கையில் ஆளில்லை
என்பதால் என்னையே கூண்டில் ஏற்றுகிறேன்.

பெயர் பொன்னழகி. தகப்பனார் கருப்பணன்.
வயது நாற்பத்தேழு. தொழில், வழக்குரைஞர்.
சொல்வதெல்லாம் உண்மை.

அப்பா லாரி கிளீனர்.
ஒரு விபத்து வழக்கில் கண்கண்ட சாட்சி.
பதின்மூன்று வாய்தா, பதின்மூன்று நாள் கூலி போச்சு.
பதினான்காவதற்குப் பள்ளி விடுமுறை,
நானும் கூடப் போனேன்.
டவாலி மூன்று முறை கூப்பிட்டார்.
அப்பா பெயரை அத்தனை சத்தமாய்
அதுவரை யாரும் சொன்னதில்லை.

எதிர்வக்கீல் எழுந்தார். கேட்டது ஒன்றுதான்:
"மழை என்கிறீர்கள். உங்கள் பக்கத்துக் கண்ணாடிக்கு
வைப்பர் இருந்ததா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.
அவர் பொய் சொல்லவில்லை.
பார்த்ததில் பாதி மழை, அவ்வளவுதான்.
அந்த வக்கீலை அன்றைக்கு நான் வெறுத்தேன் என்றால் சரியல்ல.
அந்தக் கேள்வியை எங்கிருந்து எடுத்தார் என்று
விடியும்வரை விழித்துக் கிடந்தேன்.
அப்பாவிடம் இதைச் சொன்னதில்லை.

கல்லுக்கட்டியில் மாடியறை, நாலு வருஷம் ஜூனியர்.
அந்த நாலு வருஷமும் கோர்ட்டில் நான் பேசிய ஒரே வசனம்
"வாய்தா வேண்டும், ஐயா."
முதல் ஃபீஸ் நூற்றைம்பது ரூபாய்,
ஒரு தார் வாழைக்காய்.
சிவில் பக்கம் வந்துவிடு என்றார்கள்,
இங்கே ஒரு வீட்டுக்கு நாற்பது பங்காளி,
பாகப்பிரிவினை நடத்தியே
நீ மூணு கட்டு வீடு கட்டிவிடலாம்.
கணக்கு சரிதான்.
ஆனால் பத்திரத்தைக் குறுக்கு விசாரணை செய்தால்
அதற்கு வியர்க்காதே.

இனி சொர்ணலிங்கம்.

கண்டனூரில் பூட்டிக் கிடந்த வீடு,
பித்தளை அண்டா ஆறு, வெள்ளிக் குத்துவிளக்கு ஒன்று.
அவன் கல் உடைக்கிறவன். முன்வழக்கு ஏதுமில்லை.
சாட்சி, காவலாளி மாயழகு.

விளக்கில்லை என்று வாங்கினேன்.
நாற்பதடி தூரம் என்று வாங்கினேன்.
கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தார்,
அதையும் வாங்கினேன்.
மாஜிஸ்திரேட் பேனாவை நிமிர்த்தினார்.
கூரை விசிறிகூட எனக்காகச் சுற்றியது.
அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

"முகமே தெரியாதபோது, ஆளை எப்படி அடையாளம் கண்டீர்?"

"இருமினான்மா. பன்னிரண்டு வருஷம்
ஒண்ணா வேலை பார்த்த இருமல்."

கூண்டிலிருந்து, அப்போதுதானா,
சொர்ணலிங்கம் இருமினான்.
கல்தூசி. அடக்கப் பார்த்தான், முடியவில்லை.
கோர்ட்டே சிரித்தது.
இரண்டு வருஷம்.

அப்பீல் போட்டோம், சிவகங்கையில் எட்டு மாதமாய்க் குறைந்தது.
அந்த எட்டில்
என் பங்கு எத்தனை மாதம் என்று
எந்தத் தீர்ப்பிலும் இல்லை.

அதோடு தொழிலை விட நினைத்தேன் என்றால் சரியல்ல.
மறுவாரமே நின்றேன். கால் நடுங்கியது.
சாட்சி தண்ணீர் கேட்டால்
எந்தக் கேள்விக்குப் பிறகு கேட்டார் என்று குறித்தேன்.
சாவிக்கொத்தைப் பற்றிப் பேசும்போது
எந்தக் கை இடுப்புக்குப் போகிறது என்று பார்த்தேன்.
கல்யாணப் பந்தியில்கூட
பக்கத்து இலைக்காரரிடம் துருவிக் கேட்டு,
அக்கா கிள்ளியிருக்கிறாள்.

இன்று மூன்றரை மணி. அடிதடி வழக்கு.
சாட்சி, என் மகன் வயதுப் பையன்.
ஏழு கேள்வி. ஏழாவதில் உடைந்தான்,
சம்பவ நேரத்தில் பள்ளத்தூரில் இருந்தானாம்.
எட்டாவது நாக்கு நுனிவரை வந்தது:
பிறகு யாருக்காகத் தம்பி இதைச் சொன்னாய்?

விழுங்கினேன். "மேற்கொண்டு கேள்வியில்லை."
உட்கார்ந்தேன்.
நாற்காலி கிறீச்சிட்டது.
எழுந்து நிற்கப் பழக ஒரு வருஷம்,
உட்காரப் பழகத்தான் இருபது.

கட்சிக்காரர் கும்பிட்டார். விடுதலை உறுதி என்கிறார்கள்.
பையன் படியிறங்கும்போது
ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்தான்,
அப்பா பார்த்த மாதிரி.

பேருந்து கழனிவாசல் தாண்டுகிறது.
அந்த எட்டாவது கேள்விக்கு விடை தெரிய
எனக்கு ஆசையில்லை என்றால்,
சரியல்ல.