மூன்று செக்கன்

அதே ஜொப். அதே புறோகிராம்.
ஒரு கமாகூட மாறவில்லை, கோப்பும் அதுவேதான்.
திங்கள் இரவு நாற்பத்தொரு செக்கன்
செவ்வாய் நாற்பத்துநாலு
புதன், ஏனோ, முப்பத்தொன்பதரை.

கொழும்பிலிருந்து நஸ்லிம் கேட்டிருக்கிறார்:
சிபியு நேரத்துக்குத்தானே காசு கட்டுகிறோம்,
செவ்வாயின் மூன்று செக்கனை யார் தின்றது?
விளக்கம் எழுத்தில் வேண்டும். விடிவதற்குள்.

ஸ்ரான்லி வீதி, மூன்றாம் மாடி, மணி மூன்றே கால்.
ஏசி என் முழங்காலுக்கு மட்டும் குளிர்கிறது.
றெஜினோல்ட் கீபோர்ட்டைத் தள்ளிவிட்டு
மேசையில் கன்னம் வைத்துத் தூங்குகிறான்.

'ஐயா, அந்த இயந்திரத்தில் நாங்கள் தனியே இல்லை'
என்று தொடங்கி
அழித்தேன்.

பின்னேரம் கொக்குவிலிலிருந்து சைக்கிளில் வருகிறேன்.
ரயில் கேற்றில் நிற்கும் பத்து நிமிடம்
மணிக்கூட்டின் பாடு; என் காலுக்கு அது தெரியாது.
ஆனால் கேற் திறந்ததும்
நின்றுபோன சைக்கிளை மறுபடி உருட்ட
முதல் நாலு மிதி இருக்கிறதே
அதை என் முழங்கால்தான் கட்டுகிறது.

எங்கள் ஜொப்பையும் இடையில் இறக்கிவிடுகிறார்கள்.
யாரோ ஒருவரின் காசோலைகள் உள்ளே ஏறுகின்றன.
திரும்பி வந்தால்
கைக்கெட்டிய தூரத்தில் வைத்த எண்கள் அங்கே இல்லை.
தூர நினைவகத்திலிருந்து
ஒவ்வொன்றாய் மறுபடி இழுக்கவேண்டும்.
வந்து சேரும்வரை புறொசசர் வாய்பார்த்து நிற்கும்
மீற்றரோ ஓடிக்கொண்டேயிருக்கும்.
சந்தியில் மறிபட்ட ஓட்டோவில்போல.

சரி. அப்படியென்றால் புதன்?
நாட்காட்டியைப் பார்க்காமலே பிடிபட்டது.
நேற்றுப் போயா.
டியூட்டரி விட்டு வாற பிள்ளைகள் இல்லாத
கே.கே.எஸ். வீதியில்
ஒரு இடத்திலும் கால் ஊன்றாமல் வந்தேனே.
அங்கேயும் அப்படித்தான் இருந்திருக்கும்:
வங்கிகள் பூட்டு,
எங்கள் வட்டிக்கணக்கு மட்டும்
ஒரே மூச்சில்.

எழுதினேன்: 'அயலவரின் சுமையைப் பொறுத்து
பத்து வீதம் வரை கூடிக் குறையலாம். பிழையல்ல.'
சைக்கிளைச் சேர்க்கவில்லை.
புதன் மிஞ்சிய ஒன்றரைச் செக்கனை
அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

நாலு மணிக்கு இன்றைய ஓட்டம்.
"எவ்வளவு வரும்? தோற்றவர் தேத்தண்ணி" என்றேன்.
றெஜினோல்ட் கண் திறக்காமல்
"நாற்பத்திரண்டு" என்றான்.
நான் நாற்பத்துமூன்று.

நாற்பத்திரண்டரை.

இருவருமே படியிறங்கினோம்.