பாரம்

எங்கள் ஊரில் பாரம் என்றால் இரண்டு.
லாரி ஏறி நிற்கும்போது நான் படிப்பது ஒன்று.
மூன்று பிரதி நிரப்பிச் சாப்பு குத்தி
இலாகாவுக்கு அனுப்புவது இன்னொன்று.
பகலில் செம்பனை ஆலையின் எடைமேடைக் கிராணி,
இரவில் பள்ளி வாரியச் செயலாளர்.
சம்பளம் முன்னதற்கு மட்டும்.

மழை பெய்தால் மேடையில் தண்ணீர் தேங்கும்.
வெறும் மேடை நாற்பது கிலோ காட்டும்.
அதைக் கழித்துக்கொள்ள எனக்கு அனுமதி உண்டு,
மானேஜர் கையெழுத்தோடு, கண்ணாடிச் சட்டத்துக்குள்.
இரும்புக்கே இவ்வளவு இடம் கொடுக்கிறார்கள்
என்றுதான் கடிதத்தைத் தொடங்கினேன்.
தலைமையாசிரியை அற்புதமேரி அந்த வரியை அடித்தார்.
"மலாயில் போட்டால் வேற மாதிரி கேட்கும், குணவதி."

கேட்டது பெரிதில்லை.
ஏழரை மணியை எட்டு ஐந்தாக்க வேண்டும்,
எங்களுக்கு மட்டும்.

பிள்ளைகள் பத்தொன்பது.
பதின்மூன்று பேர் கிருபாநிதியின் வேனில்.
வேன் ஒன்றுதான். முதலில் அது பெரட்டுக்கு ஆள் ஏற்றும்.
அப்பாக்களையும் அம்மாக்களையும்
இருபத்திரண்டாம் கட்டையில் இறக்கிவிட்டு
சீட்டுக்கடியில் அரிவாள் ஏதும் கிடக்கிறதா என்று
கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான்
பிள்ளைகளுக்குத் திரும்பும்.
மூன்றாம் டிவிஷன், ஆற்றோர லயம்,
கடைசியில் பழைய பால் ஸ்டோர்.
அங்கே ஹேமதர்ஷன்
வெள்ளைச் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு
இருட்டில் வெறுங்காலோடு நிற்பான்.

அதற்கப்புறம் என் லாரிகள்.
ஆலை வாசலில் வரிசை, வரிசையின் வாலில் வேன்.
எனக்குக் கை காட்டுவார்கள்.
நானும் காட்டுவேன். மணி ஏழு ஐம்பது.
தாமதப் பதிவேட்டில் பதின்மூன்று பெயர்,
வருஷம் முழுக்க அதே பதின்மூன்று.

முதல் கடிதத்துக்குப் பதில்: பரிசீலனையில் உள்ளது.
இரண்டாவதற்கு:
ஒரு பள்ளிக்கு விட்டால் எல்லாப் பள்ளியும் கேட்கும்.
கேட்கட்டுமே.
எல்லா ஊரிலும் ஒரே வழியாகவா லாரி போகிறது?
இதையும் அடித்துவிட்டார் அற்புதமேரி.
மூன்றாவதற்கு:
விதித் தளர்வு கோருவதற்குத் தனிப் பாரம் இருக்கிறது.
அதில் எதையும் அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது,
கறுப்பு மையைத் தவிர வேறு மை கூடாது.

கறுப்பு மையில் எழுதினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை என்சிக் ஹஸ்புல்லா வந்தார்,
நேரில் பார்க்க.
பதினொரு லாரிக்குப் பின்னால் அவருடைய கார்.
கொஞ்ச நேரம் ஹாரன் அடித்தார்.
பிறகு இறங்கி வந்து என் சன்னலைத் தட்டினார்.
"எவ்வளவு நேரமாகும்?"
"மழை, என்சிக். தண்ணீரைக் கழிக்கணும்."
அவர் காருக்குப் பின்னால் நின்ற வேனிலிருந்து
பதின்மூன்று குரல்கள் சேர்ந்து
அவருக்குக் காலை வணக்கம் சொல்லின, மலாயில்.
தலையாட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அவர் பள்ளிக்குள் நுழைந்தபோது எட்டு பத்து.
வருகையாளர் புத்தகத்தில் அவரே எழுதினார்:
ஏழு முப்பது.

நகல் எடுத்து அடுத்த கடிதத்தோடு
பின்னிணைப்பாக வைக்கலாம் என்றேன்.
அற்புதமேரி புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார்.
"வேண்டாம். அவரும் இருட்டில் எழுந்து வந்த ஆள்தானே."
எனக்குக் கோபம்தான்.
இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

பதில் இன்னும் வரவில்லை.
ஆனால் இப்போது ஏழரைக்கு ஒரு மணி அடிக்கிறார்,
நடந்து வரும் ஆறு பேருக்கு.
அந்த ஆறு பேரும் கதைப்புத்தகம் வாசிக்கிறார்கள்.
வேன் வந்து நின்றதும் இன்னொரு மணி.
அப்புறம்தான் பாடம்.
இரண்டாவது மணி அடிக்கக் கூடாது என்று
எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.

காற்று இந்தப் பக்கம் வீசினால்
எடைமேடை வரைக்கும் கேட்கிறது.