மூன்று வரி இடம்

புவெர்த்தோ மோன்ட். மழை.
தொழிலாளர் ஆய்வகத்தில் எண் நாற்பத்தாறு
யாஸ்னா மான்சில்லாவின் கையில்.
நகக்கண்ணில் இன்னும் சால்மன் வாடை.

நடந்ததைச் சுருக்கமாக எழுதவும்,
என்கிறது படிவம்.
மூன்று வரி இடம்.

பதினான்கு மாதம்.
முள் எடுக்கும் வரிசையில்
மேற்பார்வையாளன் ஒயார்சோ
அவளைப் பெயர் சொல்லி அழைத்தது
சம்பளச் சீட்டு நீட்டும்போது மட்டும்.
மற்ற நேரமெல்லாம் வேறொரு சொல்.

"என்ன சொல்? அப்படியே வேண்டும்.
சட்டம் அதைத்தான் கேட்கும்"
எழுத்தர் கண்ணாடியைத் துடைக்கிறார்.

சொல்கிறாள்,
முதன்முறை தன் வாயால்.
விசைப்பலகைமேல் அவர் விரல்கள் நிற்கின்றன.
"எழுத்துக் கூட்டிச் சொல்லட்டுமா, ஐயா?"

சாட்சி?
நெலிடா. பக்கத்துக் கத்தி.
காதடைப்பான் போட்டிருந்தேன்,
எதுவும் விழவில்லை என்றவள்.

சாட்சி சொன்னவரை
வேலையைவிட்டு நீக்க முடியாது
என்று அச்சிட்ட தாளை
நான்காய் மடித்து
அவளுடைய ரப்பர் பூட்ஸுக்குள்
காலையில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

நாற்பத்தேழை அழைக்கிறார்கள்.
கதவு திறக்கிறது.
ஈரத் தரையில் ரப்பர் பூட்ஸ் சத்தம்.

யாஸ்னா திரும்பவில்லை.
இந்த ஊரில் பாதிப்பேர்
ரப்பர் பூட்ஸ்தான்.