பங்கு

அக்டோபர் இரண்டாம் சனி, கூஹ்மோவுக்கு வடக்கே,
பிர்ச் இலைகள் முக்கால்வாசி உதிர்ந்திருந்தன.
நான் சுட்டேன்.
நூற்றுப்பத்து மீட்டர். எதிர்க்காற்று.
குறை சொல்ல ஒன்றுமில்லை,
என் கையைத் தவிர.

வயிற்றில் பட்டது.
அந்த ஓசை எங்களுக்குத் தெரியும்,
நனைந்த சாக்கைத் தடியால் அடித்ததுபோல.
மூஸ் ஒருமுறை தலை குனிந்தது
கீழே எதையோ தவறவிட்டதுபோல,
பிறகு நடந்து போயிற்று.
ஓடக்கூட இல்லை.

சதுப்பில் இருட்டிவிட்டது.
நாயின் கழுத்துப்பட்டையை இறுக்கிப் பிடித்தபடி
தௌனோ சொன்னான்:
"இப்போது துரத்தினால் சாகும்வரை ஓடும்.
விடு. படுக்கட்டும்."
நான் வண்டிக்குள் படுத்தேன்.
எண்ணூறு மீட்டர் இடைவெளியில்
அதுவும் நானும் படுத்திருந்தோம்.
எனக்குக் கம்பளி இருந்தது.

விடிந்தபோது அதன் முதுகில் உறைபனி.
உயிர் இருந்தது.
ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது.
இரண்டாவது குண்டின் சத்தம்
எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வருவதில்லை.

கெட்டுப்போன பக்கத்தை அறுத்து எறிந்தோம்.
மீதியைக் கொட்டகைத் தரையில் ஒன்பது குவியலாக்கி
தௌனோவைச் சுவர் பார்க்க நிறுத்தினோம்.
ஒருவன் குச்சியால் ஒரு குவியலைத் தொட்டு
"இது யாருக்கு?" என்பான்,
தௌனோ திரும்பாமலே ஒரு பெயர் சொல்வான்.
யாருக்குச் சதை யாருக்கு எலும்பு என்று
சண்டை வரக்கூடாதல்லவா.
என் பெயர் நான்காவதாக வந்தது.
நல்ல பங்கு. தொடைக்கறி.

"ஒரு ராத்திரி முழுக்கவா!" என்றாள் மைத்துனி ஹில்க்கா,
"அதை அப்படி விட்டுவிட்டு
நீ எப்படித் தூங்கினாய்?"
தூங்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
தூங்கினேன் என்பதுதான் உண்மை.

அவள் கடையில் வாங்குகிறவள்.
அவள் வாங்கும் கோழி என் லாரியில் வருவது.
விடிகாலை நான்கு மணிக்கு
ஆலையின் பின்வாசலில் ஏற்றிக்கொள்கிறேன்,
இருபத்திரண்டு அடுக்கு,
பிளாஸ்டிக் தட்டில் எலும்பு நீக்கிய நெஞ்சு,
கசிகிற நீரைக் குடிக்க அடியில் ஒரு பஞ்சுத்துண்டு.
உயிரோடு உள்ளே போகிற வாசல்
எந்தப் பக்கம் இருக்கிறதென்று
பதினோரு வருடமாக எனக்குத் தெரியாது.
கேட்டதில்லை.
வண்டியில் ஒரு தாள் அச்சாகிக்கொண்டே வரும்,
கால்மணிக்கு ஒருமுறை எத்தனை டிகிரி என்று.
அங்கே யார் கை நடுங்கியது,
எது எவ்வளவு நேரம் கிடந்தது,
அதற்குத் தாளில் கட்டம் இல்லை.

கொன்ற பாவம் தின்றால் போகுமென்றால்
கொல்லாமல் தின்ற பாவம்
எதைச் செய்தால் போகும்?

இதை ஹில்க்காவிடம் கேட்டிருந்தால்
ஜெயித்திருப்பேன்.
கேட்கவில்லை.
அந்தக் காது அன்று திரும்பியது
அவள் பக்கம் அல்ல.

நவம்பரில் முதல் பனி கொட்டிய ஞாயிறு
அவள் வந்திருந்தாள்.
உருளைக்கிழங்கும் லிங்கன்பெரியும் வைத்து
மூன்று மணிநேரம் வேகவிட்ட கறி.
"கொஞ்சம் போதும்" என்றாள்.
இரண்டாம் முறையும் தட்டை நீட்டினாள்.

பல்லில் ஏதோ தட்டுப்பட்டது.
விரலால் எடுத்துத்
தட்டின் விளிம்பில் வைத்தாள்.
டிங்.
மிளகளவு ஈயம்.

என் மனைவி ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.
ஹில்க்கா அதை நகத்தால் புரட்டி
விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள்.
"இது முதலாவதா,
இரண்டாவதா?"

எனக்குத் தெரியவில்லை.
அப்படியே சொன்னேன்.

தலையசைத்தாள்.
அதை விளிம்பிலேயே விட்டுவிட்டு
உப்புக்குக் கை நீட்டினாள்.